சுக்கு, மிளகு, சந்திரா

சந்திரா இறந்த செய்தி வந்தபோது நான் குபெர்டினோ அலுவலகத்தில் யாரோ செய்த பிழைக்காக வேறு யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மேசைத் தொலைபேசி விடாமல் அடித்தது. எரிச்சலோடு எடுத்தேன். டெக்சாஸிலிருந்து அவருடைய தம்பி நடராஜன். "வசந்திங்களா? அக்கா தவறிட்டாங்க. நேத்துக் காலைல. மூளைல ரத்தக்கசிவுன்னு டாக்டர் சொல்றாரு" என்றார். அதற்கு நான் கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "நாய்ங்க ஓடிச்சா?" என்று கேட்டேன். அழுதுகொண்டிருந்தவர் ஒரு கணம் நிறுத்தினார். "ஓட வெச்சுட்டு வந்துதான் படுத்திருக்காங்க" என்றார். அதன் பிறகுதான் எனக்கும் அழுகை வந்தது.

இந்த அஞ்சலிக் குறிப்பைப் படிக்கும், சந்திராவைத் தெரிந்த உங்களுக்கு அந்தக் கேள்வி விசித்திரமாகத் தோன்றாது. அவரோடு ஒரு நாள் இருந்தவர்கூட இரண்டு முறையாவது அதைக் கேட்டிருப்பார். நியூஜெர்சியில், பார்சிப்பனி அலுவலகத்தில் எங்களுக்கு அடுத்தடுத்த மேசை. அவருடைய நாற்காலி முழுக்கக் கறுப்பும் பழுப்புமாக நாய் முடி. ஆட்டு மந்தை மேய்க்கும் சாதியில் இரண்டு நாய்களைக் காப்பகத்திலிருந்து எடுத்து வளர்த்தார். பழுப்பு நாய் சுக்கு, கறுப்பு நாய் மிளகு. இரண்டு பெரிய நாய்களுக்கு எந்த அபார்ட்மென்டிலும் இடமில்லை என்றதும், சக்கரத்தில் ஓடும் வீடான ஒரு டிரெய்லரையும் அதை இழுக்க ஒரு பிக்கப் டிரக்கையும் வாங்கி, டிரெய்லர் நிறுத்தும் மைதானத்தில் குடியேறிவிட்டார். காண்ட்ராக்ட் முடிந்து வேறு ஊருக்கு வேலை வந்தால் வீட்டையே இழுத்துக்கொண்டு போவார்.

அவரை முதலில் பார்த்தபோது நான் கேட்டதும் எல்லோரும் கேட்பதுதான். "சுக்கு, மிளகு சரி. திப்பிலி எங்க?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதான் வந்துட்டியே" என்றார். அன்றிலிருந்து அவருக்கு நான் திப்பிலிதான். நாய் என்றால் பத்தடி தள்ளி நிற்கும் எனக்கு அந்தப் பெயர் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நம்மவர்கள் அவரைப் பற்றிப் பேசாத பேச்சில்லை. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஒரு பொங்கல் பாட்லக்கில் ஓர் ஆன்ட்டி நேராகவே கேட்டார், "ஏம்மா, கல்யாணம் பண்ணிக்காம, நாய வெச்சுக்கிட்டு வண்டியில குடியிருக்கியாமே?" நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்திரா சிரித்தார். "ஆமா ஆன்ட்டி. உங்க அபார்ட்மென்ட்ல நாய அலவ் பண்ணமாட்டாங்க, என் வண்டியில மனுஷங்கள அலவ் பண்ணுவோம். காபிக்கு வாங்க." அந்த ஆன்ட்டி உண்மையிலேயே போனார். அதன் பிறகு மாதம் ஒருமுறை போய்க்கொண்டிருந்தார் என்று கேள்வி.

தொண்ணூற்றொன்பதில் இருவருக்கும் ஒரே சமயத்தில் கலிபோர்னியாவில் குபெர்டினோ பக்கம் வேலை அமைந்தது. "தனியா பிளைட்ல போய் என்னடி பண்ணப்போற? சாமானெல்லாம் டிரெய்லர்ல ஏத்து, ட்ரைவ் பண்ணிப் போயிடலாம்" என்றார். ஒத்துக்கொண்டேன். எனக்குத் திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால் வேலை போகும், வேலை போனால் விசா போகும். என் கணவர் சேகரும் மூன்று வயது நித்யாவும் அந்த விசாவை நம்பி மதுரையில் காத்திருந்தார்கள். மகளைப் பார்த்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பயணத்தில் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

சந்திராவுக்கோ மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தியாக வேண்டும். நெடுஞ்சாலையோர ரெஸ்ட் ஏரியாவில் இறங்கியதும் குனிந்து புறங்கையைத் தார்மேல் வைத்துப் பார்ப்பார். சுட்டால் நாய்களைப் புல்வழியாக மட்டுமே அழைத்துப் போவார். ஆள் நடமாட்டம் இல்லாத கோடியில் முப்பதடிக் கயிற்றில் ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு, பழைய டென்னிஸ் மட்டையால் பந்தை அடிப்பார். அது ஓடிக் களைத்ததும் மற்றதின் முறை. "பின்சீட்ல உக்காந்து நாலு ஸ்டேட் தாண்டிடுச்சு, இன்னும் என்ன ஓட்டம்?" என்று ஒருமுறை கடுப்பில் கேட்டேன். "வண்டி ஓடினா அது நாய் ஓடின கணக்குல வராதுடி" என்றார். ஆர்கன்சாவில் ஒரு லாரி டிரைவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, மட்டையைக் கேட்டு வாங்கி அவரும் அடிக்க ஆரம்பித்துவிட்டார். அன்று அரை மணி நேரம் கூடுதலாகப் போயிற்று. நான் டிரக்கில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டென்னஸியில் ஒரு நாள் முழுக்கக் கொட்டித் தீர்த்தது. வெளியே இறங்க வழியில்லை. சந்திரா மீந்த சப்பாத்திகளைத் துண்டு துண்டாகக் கிள்ளி டிரெய்லருக்குள் ஒளித்து வைத்தார். மெத்தைக்கு அடியில், என் ஷூவுக்குள், என் தலையணைக்குக் கீழே. நாய்கள் ஒரு மணி நேரம் முகர்ந்து முகர்ந்து தேடின. "மூக்கு வேல செஞ்சாலும் உடம்பு களைக்கும்" என்றார். என் தலையணையில் இரண்டு நாய்களின் எச்சில். நான் உறையைக் கழற்றித் துவைத்தேன். அடியில் முகர்ந்தால் ஏதாவது கிடைக்கும் என்று அவை கற்றுக்கொண்டதை நான் யோசிக்கவில்லை.

டெக்சாஸின் அமரில்லோவில் ஒரு டிரெய்லர் மைதானத்தில் விடிந்தபோது சந்திராவுக்குத் தலைவலி. அடிக்கடி வரும் தலைவலிதான். இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவார், பிறகு எழுந்து வண்டி ஓட்டுவார். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. "இன்னைக்கு மட்டும் நீ ஓட விட்டுட்டு வாடி. பின்னாடி கிரவுண்ட் இருக்கு" என்றார். முந்தைய நாள் பெய்த மழையில் அந்தப் புல்வெளி முழங்கால் உயரப் புல்லோடு நனைந்து கிடந்தது. குளிர்ந்த காற்று வேறு. நான் நேராக டிரெய்லர் மைதானத்தின் துணி துவைக்கும் அறைக்குப் போனேன். இரண்டு கயிறுகளையும் பெஞ்சுக் காலில் கட்டினேன். அங்கிருந்த பொதுத் தொலைபேசியில் காலிங் கார்டு போட்டுச் சேகரிடம் பேசினேன். நித்யா "எப்ப வருவ?" என்று கேட்கவில்லை, "நீங்க யாரு?" என்று கேட்டாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள் என்றார் சேகர். நான் நாய்களைப் பார்க்கவே இல்லை. அரை மணி நேரம் கழித்துத் திரும்பினேன்.

"ஓடியாச்சா?"

"ஓடியாச்சு. நல்லா ஓடிச்சு."

அந்த 'நல்லா'வை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானே சேர்த்துக்கொண்டேன். டிரக்கின் ஒரு டயர் மோசமாகத் தேய்ந்திருந்ததால் டிரெய்லரைக் கழற்றி நிறுத்தி, வெயில் ஏறினால் என்று ஏசியைப் போட்டு, நாய்களை உள்ளே விட்டுவிட்டு இருவரும் டயர் கடைக்குப் போனோம். வர இரண்டு மணி நேரம் ஆயிற்று.

அந்தக் காலத்தில் இங்கே வந்த எல்லோரிடமும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. உங்களிடமும் இருந்திருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் தொடங்கி, பிளஸ் டூ, ஒவ்வொரு செமஸ்டர், பட்டம், சாதிச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ் வரை எல்லாம் ஒரிஜினல். அமெரிக்காவில் யார் நம் சாதிச் சான்றிதழைக் கேட்கப்போகிறார்கள் என்று ஒருவரும் யோசிப்பதில்லை. ஒரிஜினல் கையோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். என் ஃபைலின் மேல்தாளாக, வேலையில் சேரும்போது காட்ட வேண்டிய எச்-ஒன் விசாவின் அப்ரூவல் நோட்டீஸ் இருந்தது. பத்திரம் என்று எல்லாவற்றையும் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன்.

கதவைத் திறந்ததும் மிளகு வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது, வாயில் பல்கலைக்கழக முத்திரையோடு. தரை முழுக்கத் தாள் துண்டுகள். நான் கத்திய கத்தலில் பக்கத்து டிரெய்லர்க்காரர் வெளியே வந்தார். என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில், "பிள்ளை பெத்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றேன். இதை எழுதக் கை வரவில்லை. எழுதாமல் விட்டால் நன்றியாக எதை எழுதினாலும் பொய்யாகிவிடும்.

சந்திரா என்னைப் பார்த்தார், கீழே என் கால்களைப் பார்த்தார். பிறகு இரண்டு நாய்களுக்கும் கயிறு மாட்டி, அந்தத் தலைவலியோடு, ஈரப்புல்லில் நாற்பது நிமிடம் ஓட வைத்துவிட்டு வந்தார். வரும் வழியில் மைதானத்துக் கடையில் செல்லோடேப் வாங்கி வந்திருந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து துண்டுகளைச் சேர்க்க ஆரம்பித்தார். "அழாம வந்து உக்காரு. இது அஞ்சாவது செமஸ்டரா, ஆறாவதா?" என்றார். மாலை வரை ஒட்டினோம். அப்ரூவல் நோட்டீஸ் இரண்டாகக் கிழிந்திருந்தது, எண் தெளிவாக இருந்தது. பட்டத்தில் ஒரு மூலையைக் காணோம். நன்னடத்தைச் சான்றிதழ் மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை. அது மிளகின் வயிற்றுக்குப் போய்விட்டது. நியாயம்தான் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

அரை நாள் போனதை ஈடுகட்ட மறுநாள் விடியும் முன்பே நாய்களை ஓட வைத்துவிட்டுக் கிளம்பினார். ஞாயிறு மாலை குபெர்டினோவில் இருந்தோம். திங்கள் காலை என்னோடு அலுவலகத்துக்குள்ளும் வந்தார். பல் பதிந்து ஒட்டுப்போட்ட அந்தத் தாளை மனிதவளத் துறைப் பெண்மணி கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்திரா முந்திக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "என் நாய்கள் செய்தது. அன்று காலை நான் அவற்றை ஓட விடவில்லை. தப்பு என்னுடையது." அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். அவர் வீட்டு லாப்ரடார் சோபாவைத் தின்ற கதையைச் சொல்லிக்கொண்டே நகல் எடுத்தார். என் வேலையும் விசாவும் பிழைத்தன.

நான்கு மாதம் கழித்து சேகரும் நித்யாவும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்துக்கு டிரக்கை ஓட்டி வந்தவர் சந்திராதான். அந்த வாரமே டிரெய்லருக்குப் போய், அவர் காபி கலக்கிக்கொண்டிருக்கும்போது முதுகைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன்.

"தெரியும்டி" என்றார் திரும்பாமல். "அவ்ளோ ஈரத்துல நாய்ங்கள நல்லா ஓட வெச்சவளோட ஷூ அப்பளம் மாதிரி காய்ஞ்சு இருக்குமா?"

"அப்பவே ஏன் கேக்கல?"

"நீ ஏற்கெனவே அழுதுட்டிருந்த. ஒரு நாளைக்கு ஒரு அழுகை போதும்."

"நான் சொன்ன அந்த வார்த்தை?"

காபியை என் கையில் கொடுத்தார். "அது வலிச்சுது. ரொம்ப நாள் வலிச்சுது. இப்ப சரியாப் போச்சு. குடி, ஆறிடும்" என்றார். பரவாயில்லை என்று அவர் சொல்லாததற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

கம்பெனிகள் ஆட்களைக் கழித்துவிடத் தொடங்கியதும் அவர் வீட்டை இழுத்துக்கொண்டு டெக்சாஸுக்குத் தம்பி பக்கம் போனார். தொலைபேசியில் பேசுவோம். இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு பேசியதுதான் கடைசி.

காரியங்கள் முடிந்ததும் நடராஜன் மறுபடி அழைத்தார். "ஒண்ணு சொல்லணுங்க. தனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நாய்ங்கள உங்ககிட்டத்தான் குடுக்கணும்னு அக்கா போன வருஷமே சொல்லியிருக்காங்க" என்றார். "என்கிட்டயா? எனக்கு நாய்ன்னா பயம்னு அவங்களுக்குத் தெரியுமே" என்றேன். "நானும் அதத்தானுங்க கேட்டேன். 'ஒரு தடவ ஏமாத்திட்டு, அத வந்து சொல்லி அழுதவ. மறுபடி ஏமாத்த மாட்டா'ன்னாங்க. என்ன விஷயம்னு எனக்குத் தெரியாது" என்றார்.

நானும் சேகரும் விமானத்தில் போய், அந்த டிரக்கையும் டிரெய்லரையும் ஓட்டிக்கொண்டு வந்தோம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தினோம். புறங்கையைத் தார்மேல் வைத்துப் பார்த்தேன். மட்டையைப் பிடிக்கத் தெரியாமல் முதல் பந்தை என் நெற்றியிலேயே அடித்துக்கொண்டேன். அமரில்லோவில் அந்தப் புல்வெளியைத் தேடினேன். அங்கே தார் போட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். வேறொரு புல்வெளி தேடி ஓட வைத்தோம்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை இவை: மூலையில்லாத ஒரு பட்டம், டென்னிஸ் மட்டை, முப்பதடிக் கயிறு, திப்பிலி என்ற பெயர், சுக்கு, மிளகு. தினமும் விடியற்காலையில் எங்கள் தெருக்கோடி மைதானத்துக்குப் போகிறோம். பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை, போகிறேன். திரும்பி வந்ததும் நித்யா தூக்கக் கலக்கத்தில் ஆங்கிலமும் தமிழும் கலந்து, "தே ரன்னாம்மா?" என்று கேட்கிறாள். அவளுக்கு அது யாருடைய கேள்வி என்று தெரியாது.

ஓடின சந்திரா, இன்றும் நல்லா ஓடின. வாசலில் என் ஷூ கிடக்கிறது, தொட்டுப் பாருங்கள். சொதசொதவென்று நனைந்திருக்கிறது.