கரடி பொம்மையை எடுத்தது நான்தான்

அக்கா நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரில் எல்லாரும் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதியிருக்கிறார்கள். கூடப் பிறந்தவன் என்பதால் முதல் கட்டுரை என்னுடையதாக இருக்க வேண்டும் என்று அக்கா மகள் சொல்லிவிட்டாள். மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு கரடி பொம்மையிடம் போய் நின்றது.

கரடி என்றதுமே உங்களில் பாதிப் பேர் சிரித்திருப்பீர்கள். நம் சொந்தத்தில் அக்காவுக்கு 'சாவிக்காரி' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. காரியத்தன்று பந்தியில்கூட ஒருவர் அந்தக் கதையை எடுத்தார், நாலைந்து பேர் சிரித்தீர்கள். பாசத்தில் சொன்னதுதான், யார் மேலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கதை தெரியாதவர்களுக்காக முதலிலிருந்தே சொல்கிறேன்.

அக்கா பிறந்தது அன்னூருக்குப் பக்கத்தில், எங்கள் தோட்டத்து வீட்டில். எனக்கு நாலு வயது மூத்தவர். சோளமும் பருத்தியும் போட்டுப் பிழைத்த குடும்பம். கடையில் பொம்மை வாங்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அந்தக் குறை தெரியாமல் என்னை வளர்த்தவர் அக்கா. தீப்பெட்டிகளைக் கோத்து ரயில் விடுவார், நுங்கு வண்டி செய்வார். சோளத்தட்டில், அதாவது காய்ந்த சோளத்தண்டில், அவர் செய்யும் மாடுகளுக்கு ஊரில் தனி மதிப்பு. தட்டின் மேல்பட்டையை உரித்து, உள்ளே இருக்கும் நெட்டியைத் துண்டு போட்டு, சீவிய பட்டையையே ஆணியாகக் குத்திச் சேர்ப்பார். கொம்பு, திமில் எல்லாம் வந்துவிடும். விரலெல்லாம் கீறிக்கிடக்கும். என் மாட்டுக்கு மட்டும் கழுத்தில் மணிக்குப் பதிலாக ஒரு புளியங்கொட்டை தொங்கும்.

ஈரோட்டில் எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மஞ்சள் வியாபாரம் செய்தார். கோடை லீவுக்கு அங்கே போவோம். மாமா மகளிடம் ஒரு தகரக் கரடி இருந்தது. சிவப்புத் தொப்பி, கையில் இரண்டு குச்சி. முதுகில் சாவி கொடுத்தால் தலையை ஆட்டி ஆட்டிக் கொட்டு அடிக்கும். எல்லாரும் தொட்டுப் பார்க்கலாம். சாவி கொடுப்பது மட்டும் அவள்தான். ஒரே ஒரு தடவை நானே சாவி கொடுக்க வேண்டும் என்று ஏழு வயதில் எனக்கு இருந்த வெறியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஊருக்குக் கிளம்பும் காலையில், யாரும் பார்க்காத நேரத்தில் கரடியை எடுத்தேன். டவுசர் பையில் அடங்கவில்லை. அக்காவின் துணிகள் இருந்த மஞ்சப்பையில், பாவாடை மடிப்புக்குள் திணித்தேன். சாவியைக் கழற்றி என் டவுசர் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

அதற்குள் மாமா மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். யாரும் எங்களைச் சந்தேகப்படவில்லை. ஆனால் பிறந்த வீட்டில் வைத்து அப்படி ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்று அம்மாவுக்குப் பதைப்பு. "எங்க பையையும் ஒருக்காப் பாத்துக்குங்க" என்று சொல்லி, அவரே மஞ்சப்பையைக் கூடத்தில் தலைகீழாகக் கொட்டினார். பாவாடையோடு கரடியும் விழுந்தது.

அம்மா அக்காவின் கன்னத்தில் அறைந்தார். சாவி எங்கே என்று கேட்டார். "எனக்குத் தெரியாதுங்கம்மா" என்றார் அக்கா. மறுபடியும் அறை. கேட்கக் கேட்க அவர் தெரியாது என்றே சொன்னதால், கூடியிருந்தவர்களுக்கு அது அழுத்தமாகப் பட்டது. 'சாவிக்காரி' என்ற பேர் அன்றைக்கு ஒட்டியதுதான். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் டவுசர் பைக்குள் சாவியை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன்.

பஸ்ஸில் வழி நெடுக அழுதேன். கரடிக்காக அழுகிறேன் என்று அக்கா நினைத்துக்கொண்டார். மறுநாள் காலையிலேயே தட்டுப்போரில் நல்ல தட்டாக உருவி வந்து உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் ஒரு கரடி தயார். கீழே தொங்கும் நூலை இழுத்தால் இரண்டு கையும் கொட்டாங்குச்சியில் அடிக்கும். வீங்கிய கன்னத்தோடு அதை என் கையில் கொடுத்தார்.

"இதுக்குச் சாவியே வேண்டாங் கண்ணு. நூலை இழுத்தாப் போதும்."

அதை வாங்கி விளையாடினேனே, என்னைச் சொல்ல வேண்டும். என் வாழ்நாளில் எனக்கு மிகவும் பிடித்த பொம்மை எது என்று யாராவது கேட்டால் அந்தத் தட்டுக் கரடியைத்தான் சொல்வேன். பூச்சி அரித்து உதிர்ந்து போகும்வரை தலைமாட்டில் வைத்திருந்தேன். முதலில் அடி விழும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். வளர்ந்த பிறகு, மரியாதை போய்விடும் என்று பயந்தேன். அடுத்த கோடையிலிருந்து அக்காவை ஈரோட்டுக்கு அனுப்பவில்லை. நான் மட்டும் போனேன். சாவி இல்லாத கரடி அங்கே அலமாரியில் சும்மா உட்கார்ந்திருந்தது.

பத்தாவதோடு அக்காவின் படிப்பு நின்றது. கோவையில் லேத் பட்டறையில் வேலை பார்த்த மச்சானுக்கு வாழ்க்கைப்பட்டார். மாமியார் பீரோ சாவியைக் கையில் கொடுத்தபோது, "பத்திரமுங்க, நம்ம சாவிக்காரிகிட்டக் குடுக்கறீங்க" என்று நம் ஆள் ஒருவர் சொல்லப்போக, அக்காவும் சேர்ந்து சிரித்தார். மகளுக்கு ஆறு வயதாகும்போது மச்சான் தவறிவிட்டார். அதன் பிறகு உக்கடம் பக்கம் ஒரு பால்வாடியில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்திலேயே மகளைப் படிக்க வைத்துக் கரையேற்றினார். யாரிடமும் போய் நின்றதில்லை, என்னிடம்கூட.

ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பால்வாடிக்குப் போயிருந்தேன். ஒரு பொம்மைக் கார் காணவில்லை. ஒரு சின்னப் பையனின் பையைச் சோதிக்கப் போனார் ஆயா. அக்கா எழுந்து வந்து பையைப் பிடித்துக்கொண்டார்.

"உடுங்க ஆயா. நாலு பேருக்கு முன்னால பையைக் கொட்டிப்போட்டா, அந்தப் புள்ளைக்குச் சாகற வரைக்கும் மறக்காதுங்க."

அந்தப் பையன் அடுத்த நாள் தானாகக் காரைக் கொண்டுவந்து வைத்துவிட்டதாக அக்கா பிறகு சந்தோஷமாகச் சொன்னார். அந்தச் சின்னப் பையனுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் உண்மை பேச வேண்டும் என்று பாடம் நடத்திய வாத்தியார் நான். ஊர் சிரிக்கட்டும்.

கடைசி மாதம் ஆஸ்பத்திரியில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போயிருந்தேன். அவரே அந்தப் பேச்சை எடுத்தார்.

"எல்லாரும் சாவிக்காரின்னு கூப்புட்டாங்க. நீ ஒருத்தன்தான் ஒரு நாளும் கூப்புடல கண்ணு. எம்மேல உனக்கு அத்தன நம்பிக்கை. எனக்கு அது போதும்."

நான் வாயைத் திறந்தேன். "தண்ணி குடிக்கறீங்களாக்கா?" என்று மட்டும்தான் வந்தது. குடித்தார். பத்து நாளில் போய்விட்டார்.

அவரை நல்லபடியாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்து வீட்டாருக்கும், அவரிடம் ஆனா ஆவன்னா படித்து, காரியத்தன்று தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து கும்பிட்டுப் போன அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரை வெளியிடும் இன்றைய நினைவு நாளுக்கு மாமா மகளும் வருகிறார். ஐம்பது வருடத்துக்கு மேலாக நான் ஒளித்து வைத்திருந்த அந்தத் தகரச் சாவியை, உங்கள் எல்லாருக்கும் முன்னால் அவர் கையில் கொடுக்கப்போகிறேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்கும் நேரத்தை நானே தவறவிட்டேன். உங்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இனி எந்தப் பந்தியில் அந்தக் கதை வந்தாலும், தயவுசெய்து முழுசாகச் சொல்லுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். அக்காவுக்குச் சாவி எங்கே என்று உண்மையிலேயே தெரியாது. அது என்னிடம் இருந்தது.