அப்பா பிடுங்கச் சொன்ன எல்லைக்கட்டை

அப்பாவின் பொலிஸ் உத்தியோகத்தை நான் ஊர்களாகவே அடுக்கி வைத்திருக்கிறேன். பதுளையில் சப் இன்ஸ்பெக்டர். மன்னாரில் இன்ஸ்பெக்டர். திருகோணமலையில் உதவி அத்தியட்சகர். ஓடர் என்று ஓர் உத்தரவு போட்டால் அதை அவர் திரும்ப எடுப்பதில்லை என்று மூன்று ஊரிலும் சொன்னார்கள். அதில் அவருக்குப் பெருமை.

நான் படவரைஞராகப் படித்து முடித்துத் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த வருடம், மூதூர்ப் பக்கம் கரையில் நின்று இழுக்கும் கரைவலைகளின் சொந்தக்காரரான இரண்டு சம்மாட்டிமாருக்குள் சண்டை மூண்டது. மூத்தவரின் தங்கையைக் கட்டியவர்தான் இளையவர். வடக்குக் கரை மூத்தவருடையது, தெற்குக் கரை இளையவருடையது. இளையவரின் வலை தன் கரையில் ஏறுகிறது என்று மூத்தவர் சொன்னார். இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. அப்பா கரையை அளப்பித்து, நடுவில் கட்டை அடிப்பித்தார். கட்டையைத் தாண்டிக் கரையேறும் வலை பறிமுதல் என்பது ஓடர்.

அடுத்த விடுமுறை நாளில் அவர் கரையைப் பார்க்கப் போனபோது நானும் பொலிஸ் லோஞ்சுப் படகில் ஏறிக்கொண்டேன். நாங்கள் போய் இறங்கிய நேரம் இளையவரின் ஆட்கள் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தெற்கே நன்றாகத் தள்ளித் தோணியில் போய்க் கடலில் வளைத்துப் போட்ட வலை, இழுக்க இழுக்க வடக்கே நகர்ந்தது. கட்டையடியில் ஓர் இன்ஸ்பெக்டரும் கான்ஸ்டபிள்மாரும் காத்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் மூத்தவரின் ஆட்கள் துடுப்புகளோடு.

"தண்ணி வடக்க இழுக்குது சேர். கடலுக்கும் ஒரு கட்டை அடிச்சுத் தாங்க!" என்றார் இளையவர்.

"இன்னும் தெற்கால வளைச்சா என்ன?" என்றார் மூத்தவர்.

"அங்க முழுக்கக் கல்லு மச்சான். உங்கட வலையைத் தாங்க, வளைச்சுக் காட்டுறன்."

மூத்தவரின் ஆட்களே சிரித்துவிட்டார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"உங்கட வலையும் வடக்க போறதுதானே?" என்று மூத்தவரைக் கேட்டார்.

"போகும் சேர். அங்கால ஆருமில்லை. வெறுங்கரை."

அப்பா கட்டையையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஓடர் ஒருவரை மட்டும்தான் பிடிக்கும் என்பது எனக்கும் அப்போதுதான் விளங்கியது. அளவில் பிழையில்லை. ஆனால் வளைக்கும் இடமும் ஏறும் இடமும் ஒன்றென்று நினைத்து அளந்திருந்தார்கள்.

"கட்டையைப் பிடுங்குங்கோ."

இன்ஸ்பெக்டர் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "சேர், எல்லாரும் பாக்கிறாங்கள். இப்ப எடுத்தா மதிப்புப் போயிடும்."

"போனா என்ர மதிப்பு. உடைஞ்சா அவங்கட மண்டை. பிடுங்குங்கோ."

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வளைக்கிறதுக்குத்தான் எல்லை. ஏறுறதுக்கு எல்லை இல்லை. ஒருத்தற்ற மடி கரையேறுமட்டும் மற்றவர் தோணி இறக்கேலாது."

"அப்ப முதல் போட்ட ஓடர்?" மூத்தவர் விடவில்லை.

"பிழை. நான்தான் போட்டனான்."

மூத்தவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வலையின் மீன் சேரும் பையான மடி கரையைத் தொட்டது, அவருடைய கரையில்தான். உள்ளே பாரை மீன்கள் துடித்த துடிப்பில் வலை நாலு பக்கமும் இழுபட்டது.

"என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறீங்க?" என்று தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினார். "மடி கிழியப்போகுது. என்ட தங்கச்சி வீட்டுச் சோறுடா அது. போய்ப் பிடிங்க!"

துடுப்புகளை மணலில் போட்டுவிட்டு அவர்கள் ஓடினார்கள்.