போனோடு ஒத்துப்போகும் துணி

மேட்சிங் சென்டர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், எங்கள் தொழிலில் சிவப்பும் பச்சையும் தொல்லை தருவதில்லை. உயிரை வாங்குவது வெள்ளைதான். கொச்சி மட்டாஞ்சேரியில் நானும் என் நாத்தனார் மீனாவும் நடத்தும் கடையில் பால் வெள்ளை, ஹாஃப் ஒயிட், கிரீம், சந்தனம் என்று ஒரு அலமாரி முழுக்க வெள்ளை. வெள்ளையில் ஜரிகைக் கரை போட்ட கசவுப் புடவைக்குப் பிளவுஸ் பிட் விற்றுப் பார்த்தவர்கள் மட்டும் என்னோடு சேர்ந்து புலம்பலாம்.

புடவை வீட்டில், படம் கையில்

முன்பெல்லாம் புடவையைப் பையில் கொண்டுவருவார்கள். துணியை அதன்மேல் போட்டு, இரண்டையும் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்த்துத்தான் வெட்டுவோம். இப்போது போனை நீட்டுகிறார்கள். ஒரு டீச்சர் படத்தின் பக்கத்தில் கிரீம் துணியை வைத்துப் பார்த்தார். ஒன்றுபோல இருந்தது, வாங்கிப் போனார். பிறகு தைத்த பிளவுஸும் கையுமாக வந்து நின்றார். புடவை ஹாஃப் ஒயிட்டாம். வெட்டிய துணியைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றேன். எனக்கும் கோபம், அவருக்கும் கோபம்.

"இங்க வச்சு நோக்கினப்ப செரியாத்தானே இருந்துச்சு சேச்சி, வீட்டுக்குப் போற வழியில நிறம் மாறிப்போச்சோ?"

எதை வைத்தாலும் சரி

அவர் போன பிறகு மீனாவின் போனில் ஒரு புடவைப் படத்தை வைத்து, கிரீம் துணியை அதன்மேல் சாய்த்தேன். திரை மெல்ல மஞ்சளோடியது. பால் வெள்ளையை வைத்தேன். திரையும் வெளுத்தது. துணியில் பட்டு வருவது உட்பட, சுற்றியிருக்கும் வெளிச்சத்தைப் பார்த்துத் திரை தன் வெள்ளையைத் தானாக மாற்றிக்கொள்ளும் வசதியாம் அது. படுத்துக்கொண்டு போன் படிக்கிறவர்களுக்குக் கண்ணுக்கு இதம் என்கிறார்கள். அவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும், என் கவுண்டரில் கூடாது.

'போனில் திரை நிறம் மாற்றும் வசதியை அணைக்கவும். புடவையையே கொண்டுவந்தால் மிக நல்லது' என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒரு போர்டு எழுதி மாட்டினேன். மீனாவுக்குப் பிடிக்கவில்லை.

"எந்தத் துணியைக் காட்டினாலும் ஆமா போடற போன், கடைக்காரிக்கு நல்லதுதானே அண்ணி, அதோட எதுக்கு சண்டைக்குப் போறீங்க?"

ஓணம் ஆர்டர்

எங்கள் தெருப் பெண்களைச் சேர்த்து ஓணத்துக்கு வட்டமாக நின்று கைகொட்டும் திருவாதிரை நடனம் ஆடவைப்பவர் ஷீலா சேச்சி. ஆடுகிற அத்தனை பேருக்கும் பிளவுஸ் பிட் எங்கள் கடையில்தான் எடுப்பார். மழைக்காலம் முழுக்க ஈயோட்டும் எங்களுக்கு அந்த ஆர்டர் வந்தால்தான் ஓணம்.

இந்த வருடம் அவரும் படத்தோடு வந்தார். வசதியை அணைக்கச் சொன்னேன். அணைத்ததும் எங்கள் மஞ்சள் பல்பின் கீழே திரை நீலத்தில் முக்கியதுபோல் ஆனது. "இது என் புடவையே இல்ல" என்று வசதியை மறுபடி போட்டுக்கொண்டார். அப்படியானால் புடவையைக் கொண்டுவாருங்கள், படத்துக்கு வெட்ட மாட்டேன் என்றேன். மீனா என் கையைக் கிள்ளினாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கத்தரிக்கோலைத் தொடவில்லை.

"எறணாகுளம் பிராட்வேயில இத்தர கேள்வி ஒண்ணும் கேக்க மாட்டாங்க, நான் அக்கரைக்கு போட்டுல ஏறிப் போய் வாங்கிக்கறேன்."

படம் நன்றாக இருக்கிறது

ஓணம் முடிந்ததும் சேச்சி வந்து போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். மேடையில் வட்டமாக நிற்கும் பெண்கள். புடவையும் பிளவுஸும் அச்சாக ஒரே நிறம். மேடை விளக்கில் எல்லா வெள்ளையும் ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். மீனா பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன். போர்டைக் கழற்றச் சொல்வாள் என்று தெரியும். கழற்றுவதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

சேச்சி போனைப் பைக்குள் போட்டார். அதே பையிலிருந்து அதே புடவையையும் பிராட்வே பிளவுஸையும் எடுத்தார். நான் ஒன்றும் சொல்லாமலே வாசலுக்கு நடந்தார். பின்னாலேயே போனேன். வெயிலில் புடவை ஹாஃப் ஒயிட், பிளவுஸ் அசல் சந்தனம்.

"போட்டோவுக்கு இது போதும் மோளே, ஞாயிறாழ்ச்ச என் நாத்தனார் வீட்டுல கல்யாணம், அவ கண்ணால நோக்குவா, செரியானதை வெட்டித் தா."

எந்தத் துணியோடும் ஒத்துப்போகப் போன்கள் இருக்கின்றன, எதோடும் ஒத்துப்போகாமல் இருக்க நாத்தனார்கள் இருக்கிறார்கள், என் போர்டு இவர்களை நம்பித்தான் தொங்குகிறது.