கலைமதியின் டாங்கிள் ஏன் சூடானது

கலைமதிக்கு முப்பத்தேழு வயது. மூன்று வயதில் வந்த காய்ச்சல் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. அன்னவாசலிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிற ஊரில், அண்ணன் உதயசூரியன் வீட்டுக்குப் பின்னால், உரமூட்டை அடுக்கியிருந்த தகரக் கொட்டகையில் அவள் இருந்தாள். முன்பு வீட்டுக்குள்ளேயே அவளுக்கு ஓர் அறை உண்டு. அண்ணன் பிள்ளைகள் இரண்டும் ஹைஸ்கூலுக்குப் போனதும், "அதுக படிக்க எடம் வேணும்ல" என்று மதினி சுகுணா அவள் கட்டிலைத் தானே இழுத்துக்கொண்டுபோய்க் கொட்டகையில் போட்டாள். அண்ணன் மூட்டைகளை ஒரு ஓரமாக நகர்த்திக் கொடுத்தான். உர வாடை மட்டும் போகவில்லை.

அவள் வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்தாள். சென்னையில் ஒரு கம்பெனி தமிழ்ப் பேச்சு ஆடியோக்களை அனுப்பும். கேட்டு, ஒரு சொல் விடாமல் டைப் செய்து, குறித்த நேரத்துக்குள் திருப்பி ஏற்றிவிட வேண்டும். தாமதமானால் அடுத்த ஃபைல் வேறு யாருக்காவது போய்விடும். வேகமாகவும் தப்பில்லாமலும் செய்கிறவள் என்று அங்கே அவளுக்குப் பெயர் இருந்தது. முகம் பார்த்திராத சூப்பர்வைசர் ஒருத்தி "கலை மேடம்" என்றுதான் கூப்பிடுவாள். அந்த வீட்டில் அவளை யாரும் மேடம் என்று கூப்பிட வாய்ப்பில்லை.

இதற்கெல்லாம் அவள் நம்பியிருந்தது கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு யு.எஸ்.பி. டாங்கிள். லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகினால் லேப்டாப்புக்கு நெட் வரும். வைஃபையாகச் சுற்றியுள்ள போன்களுக்கும் வரும். சித்திரை பிறந்ததும் அது சூடாக ஆரம்பித்தது. தொட்டால் தோசைக்கல் மாதிரி இருக்கும். பதினொரு மணிக்குப் பச்சை விளக்கு சிவப்பாகும், நெட் நின்றுவிடும். கழற்றி அரைமணி நேரம் ஆறவைத்துச் செருகினால் கொஞ்ச நேரம் ஓடும். மறுபடி நிற்கும்.

தகரக் கூரைதான் காரணம் என்று முதலில் நினைத்தாள். கூரைக்கு அடியில் சாக்குகளை நனைத்துக் கட்டினாள். ஈரம் மத்தியானத்துக்குள் காய்ந்துபோனது. லேப்டாப்பின் சூடு டாங்கிளுக்கும் ஏறுகிறது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். நீட்டு ஒயர் ஒன்று வாங்கி, டாங்கிளை லேப்டாப்பிலிருந்து ஓர் அடி தள்ளி வைத்தாள். கொஞ்சம் பலன் இருந்தது. சிக்னல் குறைந்த இடத்தில் டவரைப் பிடிக்கத் திணறியே இது சூடாகும் என்று இன்னொருவர் சொன்னார். கொட்டகையில் ஒரு கோடுதான் காட்டியது. வீட்டு முன்ஜன்னலில் நாலு கோடு. அங்கே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

"வெயில் பட்டுத் தீப்பிடிச்சா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள் சுகுணா.

கலைமதி கொட்டகைக் கதவின் மேல்கட்டையில் அதைக் கட்டித் தொங்கவிட்டாள். மூன்று கோடு வந்தது. அப்படியும் சூடு தணியவில்லை.

அப்பா ரெங்கசாமி தினமும் மத்தியானம் கொட்டகைப் பக்கம் வருவார். எழுபத்தி நாலு வயது. ஒருநாள் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைக் கழுவி எடுத்துவந்தார்.

"இதுல வச்சுப் பாருத்தா. ஓடு சூட்ட இழுக்கும்."

அவள் ஓட்டை வாங்கி அதன்மேல் டாங்கிளை இறக்கி வைத்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் அதற்கு விசிறினார். தனக்காக ஒருவர் விசிறுவதுபோல அவளுக்கு இருந்தது.

பிரச்சினை மூன்று மாதம் நீண்டது. ஃபைல்கள் குறைந்தன. ஒரு காலையில் சூப்பர்வைசரே போனில் சொன்னாள்: "மேடம், டாங்கிளோட செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, எத்தனை பேரு கனெக்ட் ஆகியிருக்காங்கன்னு பாருங்க."

திறந்தாள். ஏழு கருவிகள். ஒன்று அவள் லேப்டாப். ஒன்று ஹாலில் இருக்கும் டிவி. ஒன்று அண்ணன் போன். இரண்டு, பிள்ளைகளுடைய போன்கள். ஒன்று சுகுணாவுடையது. ஏழாவதாக "அப்பா" என்று இருந்தது. அப்பாவின் போனுக்கு அந்தப் பெயரை வைத்தவளே அவள்தான். கோயில் திருவிழா வீடியோ பார்க்கட்டும் என்று அவர் ஒருவருக்கு மட்டும் பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

மத்தியானம் அவர் வந்ததும் கேட்டாள். அவர் மறைக்கவில்லை.

"சுகுணா போனக் கேட்டுச்சு. குடுத்தேன். அதுல இருந்து பாஸ்வேர்ட எடுத்துக்கிச்சு."

"எப்பப்பா?"

"பங்குனியில."

"மூணு மாசமா நான் இத நனைக்கிறதும் கட்டுறதுமா கெடந்தேனே. பாத்துக்கிட்டுதான இருந்தீங்க? சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ மாத்திருவ. மாத்துனா அவ என்னய வைவா. அவ கையாலதான நான் சாப்புடுறேன்."

ஓட்டுத் துண்டு இருவருக்கும் நடுவில் கிடந்தது. அவர் எழுந்து போனார்.

கலைமதி பாஸ்வேர்டை மாற்றினாள். அரைமணி நேரத்தில் டாங்கிள் கை வைக்கும் அளவுக்கு ஆறிவிட்டது. காரணம் அவ்வளவுதான். அன்று நாற்பது நிமிட ஆடியோ ஒன்றை மூன்று மணிக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. இரண்டு மணிக்கே டைப் செய்து முடித்தாள். ஏற்றுவது மட்டும் பாக்கி. அப்போது அண்ணனும் மதினியும் வாசலில் வந்து நின்றார்கள்.

"டிவி சுத்திக்கிட்டே நிக்குது. என்ன பண்ணுன?" என்றான் உதயசூரியன்.

"எல்லாரும் போட்டா சூடாகி நின்னுபோகுதுண்ணே. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நானே தாரேன். பகல்ல மட்டும் விட்டுருங்க."

"எடம் யாருது? கரண்டு யாருது? சோறு யாருது? ஒன்னோடது அந்தக் குச்சி ஒண்ணு. அதையும் பூட்டி வச்சுக்குவியா?"

"நொண்டிக்கு ஒக்கார எடம் குடுத்ததே பெருசு. இதுல நமக்கு டைம் வேற போட்டுக் குடுக்குறா," என்றாள் சுகுணா.

உதயசூரியன் மீட்டர் பெட்டிக்குப் போய், கொட்டகைக்கான ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான். காற்றாடி நின்றது. அவளுடைய பழைய லேப்டாப் கரண்ட் இல்லாமல் பத்து நிமிடம்கூடத் தாங்காது. ஃபைல் பாதி ஏறும்போதே திரை கறுத்தது.

அவள் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்கட்டுக்கு வந்தாள். "மதினி, பாஸ்வேர்ட சொல்லிர்றேன். அண்ணனுக்குப் போன் போட்டு வரச் சொல்லுங்க. நான் கூப்பிட்டா எடுக்கல."

சுகுணா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. கீரை முழுவதையும் ஆய்ந்து, தண்டைத் தனியாக ஒதுக்கி, கை கழுவிவிட்டு வந்தாள். "எழுதிக் குடு" என்றாள். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகும் போன் போடவில்லை. அப்பா முன்வாசலில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் அவர் காதில் விழும் தூரம்தான்.

அண்ணன் ஐந்து மணிக்கு வந்தான்.

அந்த ஃபைலோடு அவள் வேலை நின்றது. சூப்பர்வைசர் நான்கு வரியில் வருத்தம் தெரிவித்தாள். கடைசி வரியில் "மேடம்" இல்லை. டாங்கிளில் ஏழு கருவிகளும் மறுபடி ஏறின. ஆடி மாதம் ஒருநாள் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது, அது செத்துப்போனது. அண்ணன் மறுவாரமே ஹாலுக்குக் கேபிள் இழுத்துப் பெரிய மோடம் மாட்டினான். "இது சூடாகாது" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னான். அதன் பாஸ்வேர்டை அவளுக்கு யாரும் தரவில்லை. அப்பாவிடம் கேட்டாள்.

"எனக்குத் தெரியாதுத்தா" என்றார். அவர் கையில் போன் இருந்தது. யாரோ சிரிக்கிற வீடியோ அதில் ஓடிக்கொண்டிருந்தது.

கலைமதி லேப்டாப்பையும் நாலு சேலையையும் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அன்னவாசலில் ராஜலட்சுமி என்றொரு பெண் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறாள். சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, கைரேகை வைப்பது, மனு அடிப்பது எல்லாம் அங்கே நடக்கும். கலைமதியின் டைப்பிங்கைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "நாளைக்கே வந்துருங்க. பின்னால ஒரு ரூம் இருக்கு, தங்கிக்கங்க" என்றாள். அவள் அன்றே தங்கிவிட்டாள். தேடிக்கொண்டு யாரும் வரவில்லை.

அடுத்த பங்குனியில் ஒருநாள், வரிசையில் ரெங்கசாமி நின்றார். விவசாயிகளுக்கான அடையாள எண்ணுக்குக் கைரேகை வைக்க வேண்டுமாம். மகளைக் கண்டு சிரிக்கப் பார்த்தார். அவள் அவருடைய ஆதார் எண்ணை அடித்து, கைரேகை மிஷினை அவர் பக்கம் தள்ளினாள். அவர் கட்டைவிரலை வைத்தார். திரையில் பச்சை டிக் விழுந்தது.

"ரேகை விழலப்பா," என்றாள் அவள். "நாளைக்கு வாங்க."

மறுநாள் வந்தார். பஸ்ஸைத் தவறவிட்டு நடந்து வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சர்வர் இல்லை என்று சொல்லி வெளியில் நிற்க வைத்தாள். வெளியே நிழல் கிடையாது. இரண்டு மணிநேரம் கழித்து, மறுநாள் வரச் சொல்லி அனுப்பினாள். மூன்றாம் நாள் அவர் வந்ததும் ஒரு தாளை அச்செடுத்து நீட்டினாள். அதில் அவர் முதன்முதலில் வந்த நாளின் தேதி இருந்தது. கண்ணாடி இல்லாமலேயே அவரால் அதைப் படிக்க முடிந்தது. தேதியை விரலால் தடவிப் பார்த்தார்.

"சாப்புட்டியாத்தா?" என்று கேட்டார்.

"அடுத்த ஆளு வாங்க" என்றாள் அவள்.

அவர் போனபின் ராஜலட்சுமி தணிந்த குரலில் கேட்டாள். "ஒங்க அப்பாதான அது? முந்தாநாளே முடிஞ்சிருச்சே?"

"ஆமாக்கா. முடிஞ்சிருச்சு."

ராஜலட்சுமி அன்று மத்தியானம் வழக்கம்போல அவளோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. கலைமதி தனியாகச் சாப்பிட்டாள். நன்றாகவே பசித்தது.