ஜான்சனின் பழைய ஸ்கேன் சிடி

பெரிய காஞ்சிபுரத்தில், காமாட்சி கோயிலுக்குப் பின்னால் போகும் தெருவில், ஒரு ஜவுளிக்கடையின் மாடிப்படிக்குக் கீழே சுகாசினியின் கடை இருக்கிறது. கல்யாண வீடியோக்களை வெட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது அவள் தொழில். இளவயதில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். கேசட்டில் இருந்த கல்யாணங்களை சிடிக்கு மாற்றினாள், பிறகு டிவிடிக்கு, பிறகு பென் டிரைவுக்கு. அவள் அப்பாவும் அம்மாவும் மாகறல் பக்கம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள் அந்தக் குடும்பத்தில் அவள்தான். கணவன் ஜான்சன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். பட்டு நூல் மூட்டையும் ஜரிகைப் பெட்டியும் அவன் வண்டியில் ஊரைச் சுற்றி வரும்.

ஆடி மாதம், கல்யாணம் இல்லாத நேரம். ஜான்சனுக்கு இருமல் விடவே இல்லை. மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரலில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. மருத்துவர் ஒரு பெண்மணி, நிதானமாகப் பேசுபவர். புள்ளி பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் ஊசி விட்டுப் புற்றுநோய்ச் சோதனைக்குச் சதை எடுப்பதே கொஞ்சம் ஆபத்தான வேலை என்றார். எடுக்காமலும் விட முடியாது. கடைசியில், முன்பு எப்போதாவது நெஞ்சு ஸ்கேன் எடுத்ததுண்டா என்று கேட்டார்.

"கொரோனா அப்ப எடுத்தோம் டாக்டர்," என்றாள் சுகாசினி.

"அந்தப் படம் வேணும்மா. அப்பவே இந்தப் புள்ளி இதே அளவுல இருந்திருந்தா, நாம அவசரப்பட வேண்டியதில்லை. வியாழக்கிழமைக்குள்ள கொண்டு வாங்க. இல்லைன்னா ஊசி விட்டு எடுத்துடலாம்."

வீட்டில் பழைய ரிப்போர்ட் காகிதம் கிடைத்தது. அதில் கிருமித் தொற்றைப் பற்றி மட்டும்தான் எழுதியிருந்தது. படமெல்லாம் சிடியில் இருந்தது. அந்த சிடியைப் பார்த்ததும் அது எங்கிருந்து வந்தது என்று சுகாசினிக்கு நினைவு வந்தது. கூட்டம் நெரிந்த அந்த நாட்களில் ஸ்கேன் சென்டரில் சிடி தீர்ந்துபோய், கைவசம் இருந்தால் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். கடையிலிருந்து அவள் அவசரமாக எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தது, அழித்து அழித்துத் திரும்ப எழுதுகிற வகை. சாதாரண சிடியைவிட மங்கலாக இருக்கும். எல்லா சிடி டிரைவும் அதைப் படித்துவிடாது. ஸ்கேன் சென்டரையும் மூடிப் பல காலம் ஆகிவிட்டது.

அவள் லேப்டாப்பில் சிடி போட இடமே கிடையாது. அலமாரியின் அடித்தட்டிலிருந்து, யூஎஸ்பியில் செருகும் பழைய சிடி ரைட்டரைத் தேடி எடுத்தாள். செருகினாள். விளக்கு மினுக்கியது, உள்ளே டக் டக் என்று தட்டியது, அணைந்துவிட்டது. ஜான்சன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கரண்ட் போதவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டு தலை உள்ள வயரைத் தேடிப் பிடித்து, இரண்டையும் நேராக லேப்டாப்பிலேயே செருகினாள். இப்போது டிரைவ் அணையாமல் ஓடியது. சிடி சுழலும் சத்தம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. பிறகு திரையில் ஒரு கட்டம் வந்தது. சிடி காலியாக இருக்கிறது, ஃபார்மட் செய்யவா என்று கேட்டது.

"இன்னா கேக்குது? சரின்னு குடு, தொறந்துக்கும்," என்று ஜான்சன் விரலை நீட்டினான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "குடுத்தா எல்லாம் அழிஞ்சிடும். தொடாதீங்க."

வேண்டாம் என்று கொடுத்து சிடியை வெளியே எடுத்தாள். உண்மையிலேயே காலியாக இருந்தால் என்ன செய்வது என்ற நினைப்பை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சிடியின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். உள்வட்டத்திலிருந்து பாதிவரை நிறம் சற்றுக் கறுத்திருந்தது. எழுதிய இடம்தான் அப்படி இருக்கும். ஆக, உள்ளே ஏதோ இருக்கிறது.

மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்தாள். திரும்பப் போட்டாள். அதே கேள்வி. கோளாறு டிரைவிலா சிடியிலா என்று பார்க்க, ஒரு பழைய கல்யாண சிடியைப் போட்டாள். ஓடியது. அவளிடமிருந்த இன்னொரு திரும்ப எழுதும் சிடியைப் போட்டாள். ஓடவில்லை. லென்ஸில் தூசி இருக்கலாம் என்று பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்த பிறகு அது ஓடியது. நம்பிக்கையோடு ஸ்கேன் சிடியைப் போட்டாள். காலி என்றது. ஜான்சன் எழுந்து வெளியே போய்விட்டான்.

ஸ்கேன் சென்டர் இருந்த கட்டடத்தில் விசாரித்து, அங்கே வேலை பார்த்த வேலாயுதத்தின் எண்ணை வாங்கினாள். இப்போது அவர் வேறு ஊரில் இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, எந்த மாதம் எடுத்தது என்று விசாரித்தார்.

"அன்னிக்கி வரிசை ரோடு வரைக்கும் நின்னுக்கினு இருந்துதுமா. எழுதினேன், ஆனா முடிச்சு மூடாம உருவிக் குடுத்துட்டேன் போல இருக்குது. அப்படி வுட்டா வேற டிரைவ்ல காலின்னுதான் காட்டும். எழுதின டிரைவ்லயே போட்டா ஒருவேளை படிக்கும்."

"அந்த டிரைவ் எங்க இருக்குதுண்ணா?"

சாமான்களை ஏலம் போட்டபோது கம்ப்யூட்டரைக் கூரத்தில் மைக்செட் வைத்திருக்கும் கண்ணாயிரம் வாங்கிப்போனதாக அவர் சொன்னார்.

மறுநாள் காலையில் லோடு ஆட்டோவில் இருவரும் கூரத்துக்குப் போனார்கள். கண்ணாயிரம் ஆடித் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர்கள் வந்த காரணத்தைக் கேட்டதும் வேலையை நிறுத்திவிட்டார். கம்ப்யூட்டர் இருக்கிறது, பாட்டுப் போடத்தான் வைத்திருக்கிறேன், ஆனால் சிடி தட்டைத் திறந்தே வருஷக்கணக்காகிறது என்றார்.

பட்டனை அழுத்தினால் உள்ளே முனகியதே தவிரத் தட்டு வரவில்லை. சுகாசினி ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, முகப்பில் இருந்த சின்னத் துளையில் விட்டு அழுத்தினாள். தட்டு கொஞ்சம் துருத்தியது. கையால் இழுத்தாள். உள்ளே தூசி பொடிப்பொடியாக இருந்தது. ஊதினால் எச்சில் படும் என்று கண்ணாயிரம் ஸ்பீக்கரில் தூசி போக்கும் காற்றுப் பம்பைக் கொண்டு வந்து கொடுத்தார். அதால் தூசியை அடித்து வெளியேற்றினாள். தட்டு மறுபடி மாட்டிக்கொண்டால் சிடி உள்ளேயே சிக்கிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். வேறு வழியும் இல்லை. சிடியை வைத்துத் தட்டை உள்ளே தள்ளினாள்.

சுழன்றது. நின்றது. மறுபடி சுழன்றது. எதுவும் வரவில்லை. ஜான்சன் வாசலுக்குப் போய் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணாயிரம் கம்ப்யூட்டரின் தலையில் ஒரு தட்டு தட்டலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று அவள் தலையை மட்டும் அசைத்தாள். சத்தம் மெல்ல இறங்கிச் சீராகியது. திரையில் ஜான்சனின் பெயரோடு ஒரு ஃபோல்டர் வந்து நின்றது.

அவள் அதைப் பென் டிரைவுக்கு இழுத்துவிட்டாள். பச்சைக் கோடு நகர்ந்து, பாதிக்கு மேல் நின்றுவிட்டது. டிரைவ் உறுமியது. நிறுத்தினால் மறுபடி படிக்குமா என்று தெரியாது. அவள் மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெகுநேரத்துக்குப் பிறகு சில படங்களைப் படிக்க முடியவில்லை என்று கட்டம் வந்தது. அவற்றைத் தாண்டிப் போகச் சொன்னாள். கோடு முடிவுக்கு வந்தது.

மருத்துவரின் அறையில் இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவர் மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தார். நுரையீரலின் அடிப்பகுதிப் படங்கள் பல இல்லை என்றார். மருத்துவர் இன்னும் மேலே போய் ஓரிடத்தில் நிறுத்தி, அளந்து பார்த்தார். மறுபடியும் அளந்தார்.

"அப்பவே இருந்திருக்கு," என்றார். "அளவும் மாறலை. பழைய தழும்பா இருக்கலாம். இப்போதைக்கு ஊசி வேணாம். ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துக்கலாம். இருமலுக்கு வேற மருந்து தரேன்."

வெளியே வந்ததும் ஜான்சன் மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை.

"ஆட்டோவ தம்பியாண்ட குடுத்துடறேன்னு சொல்லி வச்சிருந்தேன்," என்றான் அவன். "உங்கிட்ட சொல்லல."

எப்போது சொன்னான் என்று அவள் கேட்கவில்லை. "போன் போட்டு வேணாம்னு சொல்லுங்க," என்றாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்தபடி தம்பியைக் கூப்பிட்டான். மதியம் ஒரு நூல் லோடு இருக்கிறது, ஏற்றிவிடக் கூட வா என்று மட்டும் சொன்னான்.