பூஜ்யம் எழுதாத ரத்தினசாமி

மலையாளச் சீமையின் சித்தூர் தாலுகாவில் வயல்களின் விளைச்சலை அளக்கும் அரசு ஊழியர் ரத்தினசாமி. நான் அவரோடு டேப் பிடித்துப் பதினோரு வருடம் நடந்தவன்.

அறுப்புக் காலத்தில் ஊருக்கு ஆறு வயல் பார்க்க வேண்டும். எந்த ஆறு என்று மனிதன் முடிவு செய்தால் ஓரவஞ்சனை வந்துவிடும். அதற்காக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத எண்களையே அச்சடித்த ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். கோவிந்தாபுரம் பக்கத்தில் ஓர் ஊர்; அதில் தொண்ணூற்றேழு வயல். புத்தகத்தில் 4137 என்று வந்தால் 97-ஆல் வகுக்க வேண்டும். மிச்சம் 63, ஆக அறுபத்து மூன்றாம் வயல். ரத்தினசாமிக்கு அந்தப் புத்தகத்தின் மேலும் சந்தேகம். எந்த எண் எத்தனை தடவை வருகிறதென்று டீக்கடையில் கோடு போட்டுச் சோதிப்பார். டீக்குச் சர்க்கரையையும் எண்ணித்தான் போடுவார் என்று கேலி செய்வோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் அந்த ஊரை மழை ஏமாற்றியது. ஊர் வறட்சிப் பட்டியலில் சேர்ந்தால்தான் அரசு விதைநெல் வரும். ஆறு வயலின் சராசரி விளைச்சல் குறைவாக இருந்தால்தான் சேர்ப்பார்கள்.

அறுபத்து மூன்று, தனியாளாக ஏர் நடத்திய காளியாத்தாளுடையது. வெறும் வைக்கோல், ஒரு மணி இல்லை. காய்ந்திருந்தால் பூஜ்யம் என்று எழுத வேண்டும், அதுதான் விதி. ரத்தினசாமி பேனாவைத் திறந்ததும் அவள் பதறினாள்.

"ஏனுங்க சார், என்ற வயலுக்குப் பூஜ்யம்னு எழுதிப்போடாதீங்க. அப்பறம் எப்பவும் வெளையாதுங்க. வேற நெம்பர் பாருங்க."

களத்தில் பறைப்படியால் நெல் அளக்கும்போது முதல் பறையை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று எண்ணுகிற ஊர் அது. ரத்தினசாமி என்னைப் பார்த்தார். நான் டேப்பைச் சுருட்டினேன். அவர் புத்தகத்தைப் புரட்டி அடுத்த எண்ணை எடுத்தார். ஒருத்திக்கு இரங்கியபின் மற்றவர்களை எப்படி மறுப்பது? நான்கு காய்ந்த வயல்கள் அன்று இப்படியே தப்பின. கடைசியில் எழுதிய ஆறும் கிணற்றுப் பாசன வயல்கள்.

தாள்களை ஜீப்பில் அனுப்பிவிட்டுச் சராசரி போட்டுப் பார்த்தபோதுதான், காய்ந்த வயல்களை விட்டதில் ஊரே நன்றாக விளைந்ததாகக் கணக்கு நிற்பது அவருக்குத் தெரிந்தது. மறுநாளே மேலதிகாரியிடம் ஓடி உள்ளதைச் சொன்னார். விளைந்த ஊரைக் காய்ந்த ஊராக்க எவ்வளவு வாங்கினாய் என்று அந்த ஆள் மலையாளத்தில் கேட்டார்.

பட்டியலில் ஊர் இல்லை. காளியாத்தாள் மாடுகளை விற்றுவிட்டு, இடுக்கியில் தேயிலைக் கொழுந்து பறிக்கக் கிளம்பினாள். பஸ் ஏறும் முன் அவரைக் கண்டு கும்பிட்டாள்.

"நீங்க நல்லா இருக்கோணுங்க சார். என்ற வயலுக்குப் பூஜ்யம் எழுதாம உட்டீங்களே."

ரத்தினசாமி அவளுடைய பெட்டியைத் தூக்கி பஸ்ஸுக்குள் வைத்தார்.