சம்பந்தி வீட்டு வழியாக வெள்ளியங்கிரிக்கு

மச்சானுக்கு அன்றைக்கு மலையைப் பற்றிக் கவலையே இல்லை. செங்குத்தான ஏற்றமும் உச்சிக் குளிரும் மறுநாள் பாடு. அன்றைய கவலையெல்லாம் ஆலாந்துறையைத் தாண்டி, சிறுவாணி ரோட்டோரம் இருந்த அவருடைய சம்பந்தி வீடுதான்.

மச்சான் என்று நான் சொல்வது என் மனைவியின் அண்ணனை. அன்னூரில் பக்கத்துத் தெருவுக்குப் போவதற்கும் மொபெட்டை உதைக்கிறவர். மகளுக்கு வரன் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோயிருந்த காலத்தில் ஒரு வேண்டுதல் வைத்தார். கல்யாணம் நல்லபடியாக நடந்தால் வீட்டு வாசலில் இருந்து வெள்ளியங்கிரி உச்சி வரைக்கும் நடந்தே வருவதாக. நடுவில் எந்த வண்டியிலும் கால் வைப்பதில்லை என்பதாக. ஆவணியில் கல்யாணம் நடந்தது. அடுத்து வந்த மாசியில் சின்ன வெங்காயம் அறுவடைக்கு நின்றதால் தள்ளிப்போட்டு, அதற்கடுத்த மாசியில், சிவராத்திரிக் கூட்டம் தொடங்குவதற்கு முந்தைய வாரம் கிளம்பினோம். மச்சான் கேட்பவர்களிடமெல்லாம் 'கல்யாணமான கையோட' என்றுதான் சொல்கிறார். நடுவில் முழுதாக ஒரு மாசி இருக்கிறது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

வேண்டுதல் அப்போது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. வீட்டில், வழியில் இரண்டு கோயில்களில் தங்கிப் பஸ்ஸில் போவதாகச் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தோம். வெளியே சொன்னால் எதற்காக என்று கேட்பார்கள். பெண்ணுக்கு வரன் அமையாமல் அலைந்த கதையை மாப்பிள்ளை வீட்டார் காதுக்கு எந்தத் தகப்பன் கொண்டுபோவான்?

சம்பந்தியோ, யாராவது நடந்து போவதைப் பார்த்தால் பொறுக்காதவர். புதிதாகக் கார் வாங்கியிருந்தார். ரோட்டில் எங்களைப் பார்த்தால் ஏற்றாமல் விடமாட்டார். சம்பந்தி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஏறமாட்டேன் என்று சொல்வது எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியம் இல்லை.

மாதம்பட்டியில் இரவு தங்கி, விடிந்ததும் நடக்க ஆரம்பித்தோம். மூன்றாம் நாள் நடை. மச்சான் செருப்பில்லாமல் வந்தார். கால்கள் பழகிவிட்டன என்றார், நொண்டிக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் அந்தக் காலைப் பொழுது அவ்வளவு நன்றாக இருந்தது. எதிரே மலை அடுக்கடுக்காக நின்றது. உச்சியில் மட்டும் மேகம். பாக்குத் தோப்புகளிலிருந்து ஈரக்காற்று வந்தது. மச்சான் பழைய சினிமாப் பாட்டுகளை வரி மாற்றிப் பாடிக்கொண்டு வந்தார். ஆலாந்துறை நெருங்கியதும் பாட்டு நின்றது.

"மாப்ளே, ரோடு வேண்டாம். வாய்க்கா மேட்டுல போயர்லாம்" என்றார்.

ரோட்டை விட்டு இறங்கி, வாழைத்தோட்டத்துக்குள் புகுந்து, வாய்க்கால் கரையோடு போனோம். மச்சான் துண்டை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டார். ஒரு வளைவு திரும்பியதும், வாய்க்காலில் முழங்கால் வரை நின்று மண்வெட்டியால் மடை திருப்பிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். சம்பந்திதான்.

"ஏனுங்க சம்பந்தி, ரோட்டை உட்டுப்போட்டு இதுக்குள்ள எங்கீங்க?"

மச்சான் முக்காட்டை எடுத்தார். "உங்க ஊட்டுக்குத்தானுங்க. இது குறுக்கு வழின்னு மாப்பிள்ளை சொன்னாருங்க."

நான் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது?

மலைக்குப் போகிறோம், மாதம்பட்டி வரை பஸ்ஸில் வந்தோம் என்று மச்சான் சொல்லிவைத்தார். அதன்பிறகு எதுவும் எங்கள் கையில் இல்லை. மலைக்கு விரதம் என்று தெரிந்து, கோழி அடிக்க முடியாத குறையைச் சம்பந்தியம்மா போளியில், எங்கள் பக்கத்து ஒப்புட்டில், தீர்த்துக்கொண்டார். நெய் ஊற்றி ஊற்றி வைத்தார். போதும் என்று கையை மறித்தால் விரல் சந்தில் ஊற்றினார். சாப்பிட்டதும் கட்டிலைக் காட்டினார்கள். விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வாசலில் கார் நின்றது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

மலையேறத் தொடங்குகிற பூண்டிக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது என்று சம்பந்தி முன்கதவைத் திறந்து பிடித்தார். மச்சான் சாப்பாடு செரிக்க நடக்கிறோம் என்றார். அடிவாரத்தில் நடந்துகொள்ளலாம் என்றார் சம்பந்தி. காரைச் சேறாக்க வேண்டாம் என்றார் மச்சான். கார் எதற்குத்தான் இருக்கிறது என்று சம்பந்தியின் முகம் லேசாகச் சுருங்கியது. நான் வாயைத் திறக்கப் போனேன். மச்சான் என்னை முறைத்தார். பிறகு கார்க் கதவின் மேல் கையை வைத்தார். மூன்று நாள் நடை முழுக்க அந்தக் கையில் வந்து நின்றதுபோல எனக்குத் தோன்றியது. ஒரு காலையும் தூக்கிவிட்டார்.

"இருங்கண்ணா" என்றார் சம்பந்தியம்மா. அவர் பார்த்துக்கொண்டிருந்தது தூக்கிய உள்ளங்காலை. அது முழுக்கக் கொப்புளம். "இது மாதம்பட்டியிலிருந்து நடந்த காலு இல்லீங்க. அன்னூர்லிருந்தே நடந்து வாரீங்களா?"

மச்சான் காலைக் கீழே வைத்தார்.

"பாப்பா கல்யாணத்துக்கு வேண்டிக்கிட்டதுங்களா?"

மச்சான் தலையை மட்டும் ஆட்டினார். முகம் காது வரை சிவந்திருந்தது. சம்பந்தியம்மா புருஷனைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். "கேட்டீங்களா? பொண்ணு ஊட்டுக்காரங்க நடந்தே வந்துட்டாங்க. பையனுக்குப் பொண்ணு கெடைச்சா மலையேறுறேன்னு சொன்னவரு கார் வாங்கிப்போட்டு நிக்கறாரு."

அப்போதுதான் தெரிந்தது. அவர்களும் பெண் தேடி ஈரோடு, கரூர் வரை அலைந்திருக்கிறார்கள். சம்பந்தியும் இதே மலைக்கு வேண்டியிருக்கிறார். தினமும் கண்ணெதிரே நிற்கிற மலை எங்கே போய்விடும் என்று இருந்துவிட்டார்.

சம்பந்தி காரை அணைத்தார். சாவியை மனைவி கையில் கொடுத்தார். கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார்.

"நடங்க சம்பந்தி, போலாம்" என்றார்.

நிழல் நீண்ட ரோட்டில் இரண்டு பேரும் முன்னால் போனார்கள். எந்தெந்த ஊரில் என்னென்ன சொல்லி வரன் தட்டிப்போனது என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டார்கள். காபியே கொடுக்காமல் அனுப்பிய ஒரு வீடு இருவருக்கும் பொதுவாக இருந்தது. அதற்கு அவர்கள் சிரித்த சிரிப்பில், எதிரே வந்த பஸ் டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். சம்பந்தி செம்மேடு வருவதற்குள்ளேயே நொண்ட ஆரம்பித்துவிட்டார். மச்சான் அவருக்காக நின்று நின்று நடந்தார்.

வெளிச்சம் இருக்கும்போதே பூண்டி சேர்ந்தோம். விடிகாலையில் ஏறலாம் என்று முடிவாயிற்று. மூங்கில் தடி வாங்கிக்கொண்டிருக்கும்போது மச்சானின் மகள் கோவையிலிருந்து கூப்பிட்டாள். மச்சான் போனைப் பார்த்துவிட்டுச் சம்பந்தியிடம் நீட்டினார். பஸ்ஸில் கூட்டமா, அப்பாவுக்கு உட்கார இடம் கிடைத்ததா என்று அவள் கேட்பது எனக்கே கேட்டது.

"ஜன்னலோரமே கெடைச்சுதாமா கண்ணு" என்றார் சம்பந்தி, கொப்புளத்தை ஊதிக்கொண்டே.